கோவூரில் பாடப்படாத பாட்டு

பூவிருந்தவல்லிக்குத் தென்கிழக்கே, போரூரிலிருந்து குன்றத்தூர் நோக்கிச் செல்லும் சாலையின்மேல் அமைந்தது கோவூர். மாநகரம் மேற்கு நோக்கிப் பெருகி வந்த வேகத்தில் வயலும் ஏரிக்கரையும் சுருங்கி, இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சிவாலயமும் அதனைச் சூழ்ந்த சில பழந்தெருக்களுமாக அவ்வூரின் தொன்மை எஞ்சி நிற்கிறது. சுற்றுப்புறமோ பெரும்புகழ் வாய்ந்தது. ஒருபுறம் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்; ஒருபுறம் காமாட்சி தவமிருந்த மாங்காடு; மற்றொருபுறம் திருக்கச்சி நம்பிகளை ஈன்ற பூவிருந்தவல்லி. தொண்டை மண்டலத்து நவக்கிரகத் தலங்கள் என்று அன்பர்கள் ஒருசேர வழிபட்டு வரும் ஒன்பதனுள் பூவிருந்தவல்லி வைத்தீசுவரன் கோயில் செவ்வாய்க்கும், கோவூர்ச் சுந்தரேசுவரர் கோயில் புதனுக்கும் உரியவை. மாங்காட்டில் அம்மை இயற்றிய தவத்தின் வெம்மை உலகைத் தகிக்க, திருமகள் பசுவின் வடிவெடுத்து இங்கு இறைவனை வழிபட்டுக் கண் திறக்கச் செய்தாள் என்றும், 'கோ' வழிபட்டமையால் கோவூர் ஆயிற்று என்றும் தலபுராணம் பேசும்.

தலபுராணத்தைக் கேட்டறியாத தொலைநாட்டு இசைவாணர்க்கும் கோவூர் தெரியும். தியாகராச சுவாமிகள் இவ்வூர் இறைவன்மீது இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் 'கோவூர்ப் பஞ்சரத்தினம்' என்ற பெயரால் கச்சேரி மேடைகளில் நிலைபெற்று விட்டன. அவ்வைந்தும் தோன்றிய வரலாறுதான் கவிஞர் கூட்டத்துக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கேட்கப்பட்டது வேறொரு பாட்டு. அதனைப் பாட மறுத்தபோது பிறந்தவை இவை என்பது இசையுலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

1767ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து, 1847 சனவரி 6ஆம் நாள் அங்கேயே சமாதி எய்தியவர் தியாகராசர். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்த அவர் ஊரைவிட்டு அதிகம் அகன்றவர் அல்லர். எழுபது வயது கடந்த பின்னரே நெடும்பயணம் ஒன்றை மேற்கொண்டார். 1839ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கும் அப்பயணத்தில் காஞ்சிபுரம், திருப்பதி, சோளிங்கர், வாலாசாபேட்டை, சென்னை, திருவொற்றியூர், கோவூர், நாகப்பட்டினம், திருவரங்கம், இலால்குடி ஆகிய ஊர்கள் அவர் அடிபடும் பேறு பெற்றன. பயணத்துக்குக் காரணமாக அமைந்தது ஓர் அழைப்பு. காஞ்சிபுரத்தில் வாழ்ந்த உபநிடத பிரம்மேந்திரர் என்னும் துறவி, தியாகராசரின் தந்தையார்க்கு நண்பர் என்று கூறப்படுபவர், தம்மிடம் வருமாறு திருமுகம் எழுதியனுப்பினார். அத்திருமுகம், வாலாசாபேட்டைச் சீடர் மரபினர் போற்றிக் காத்த சுவடிகளோடு சேர்ந்து, மதுரைச் சௌராட்டிர சபையின் தொகுப்பை அடைந்தது. இதனைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. தியாகராசர் அழைத்தவர் எவராயினும் வரமாட்டேன் என்று கதவை அடைத்துக்கொண்டவர் அல்லர். துறவி அழைத்தார், முதுமையையும் பாராமல் புறப்பட்டார். சீடர்கள் அழைத்தார்கள், திருவொற்றியூருக்கும் இலால்குடிக்கும் சென்றார். எந்த அழைப்பை ஏற்றார், எதனை ஏற்கவில்லை என்பதில்தான் அவர் கொள்கை வெளிப்படுகிறது.

அவர் ஏற்காத அழைப்புகளுள் பலரும் அறிந்தது தஞ்சை அரண்மனையின் அழைப்பு. இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சிப் பொறுப்பு கும்பினியார் கைக்குச் சென்றுவிட, கோட்டையும் கொடையும் கலையும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. அதனாலேயே கலைக்கு அவர் காட்டிய ஆதரவு பன்மடங்காயிற்று. சரசுவதி மகாலில் சுவடிகள் குவிந்தன. மேனாட்டு இசைக் கருவிகளும் அரண்மனையில் ஒலித்தன. மராட்டிய மன்னர் சிலர் தாமே யட்சகான நாடகங்கள் புனையுமளவுக்குப் பாட்டு ஊறிய அரண்மனை அது. தியாகராசரின் ஆசிரியர் சொண்டி வேங்கடரமணையாவே அரசவை வித்துவான். எனவே மாணாக்கரும் அங்கே சென்று அமர்வதே இயல்பான ஏற்றம் என்று அக்காலத்து உலகம் கருதியிருக்கும். அவரோ செல்லவில்லை. அரசர் அனுப்பிய பொருளை ஏற்காமல், செல்வத்தையும் இறைவன் சந்நிதியையும் ஒப்பிட்டு நோக்கும் கல்யாணிக் கீர்த்தனையைப் பாடினார் என்றும், வலிய வந்த செல்வத்தை உதறியது பொறாத தமையனார் அவர் பூசித்த இராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தார் என்றும் மரபு கூறும். 'நௌகா சரித்திரம்', 'பிரகலாத பக்தி விசயம்' என்ற தம் இசை நாடகங்களையும் அவர் அரண்மனைக்கு வெளியிலேயே இயற்றி முடித்தார்.

இன்னொரு அழைப்பு திருவிதாங்கூரிலிருந்து வந்ததாகச் சொல்வர். மன்னர் சுவாதித் திருநாள் தாமும் ஒரு வாக்கேயக்காரர். அவர் அவையில் இருந்த தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, தியாகராசரை எப்படியேனும் அழைத்து வருவதாகத் திருவையாறு போந்தார். அருகில் தங்கி நாள்தோறும் பாடினார். தியாகராசர் கேட்டு உருகி, வேண்டியது யாது என வினவிய தருணம் பார்த்துத் தம் எண்ணத்தை வெளியிட்டார். அப்போதும் தியாகராசர் சினக்கவில்லை. மன்னரின் பெருமையைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதவிக்கும் பரிசுக்கும் இடமற்ற மேலுலகில் அவரைச் சந்திப்போம் என்ற கருத்துப்பட விடை கொடுத்தனுப்பினார் என்பது கதை. சுவாதித் திருநாள் 1846 திசம்பர் இறுதியில் மறைந்தார். இரு வாரங்கள் நிறைவதற்குள் தியாகராசரும் மறைந்தார். இந்த இரு மறைவுகளின் நெருக்கமே கதைக்கு வித்தாயிற்றோ என்று ஐயுறுவோர் ஐயுறலாம். ஆயினும் மறுப்பின் பண்பு எவ்வாறு இருந்திருக்கும் என்று மரபு நினைவில் வைத்திருந்தது என்பதற்கு இக்கதை சான்றாகும்.

அரசர் இருவரும் நிற்க, கோவூர் முதலியாரின் வேண்டுகோள் வேறு தன்மைத்து. அதனை உணர அக்காலச் சென்னையின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

தஞ்சையின் அரசியல் வலிமை ஒடுங்க ஒடுங்க, கலைஞர்களின் கண் சென்னைப் பட்டினத்தை நோக்கித் திரும்பிற்று. கும்பினி வாணிகத்தால் செழித்த துபாசிகளும் வணிகர்களும் ஊருக்கு ஊர் கோயில் எடுப்பித்தனர். தம் மாளிகைகளில் பாட்டும் ஆடலும் நிகழ்வித்தனர். 1800ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த 'சர்வதேவ விலாசம்' என்னும் வடமொழி நூல் இந்தச் செல்வர்களையும் அவர்கள் ஆதரித்த புலவர், இசைவாணர், ஆடல் மகளிரையும் கோயில் விழாக்களையும் கண்முன் நிறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் வே. இராகவன் அதனைப் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார். அதற்கும் முன்பே, ஆளுநர் பிகட்டின் துபாசியாக விளங்கிய மணலி முத்துக்கிருட்டிண முதலியார் குடும்பம் இராமசுவாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து வைத்து ஆதரித்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளமை அங்கேயே கழிந்தது. ஆதரித்தவர் பெயரைப் பாட்டில் பொதிந்து தருவது அந்நாளில் நன்றிக்கடனாகவே எண்ணப்பட்டது. தஞ்சை நால்வர் இயற்றிய பதவருணங்களில் மன்னர்கள் பாட்டுடைத் தலைவராக வீற்றிருப்பதை இன்றும் கேட்கிறோம். அவ்வாறு பாடியவர்களைத் தாழ்வாகக் கருதுவது நேர்மையாகாது. அவர்கள் பாடியதால் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு, காக்கப்பட்ட கலை உண்டு.

இந்தப் பின்னணியில்தான் கோவூர்ச் சுந்தரேச முதலியார் வருகிறார். சென்னையில் பந்தர் தெருவில் அவருக்கு இல்லம் இருந்தது. தியாகராசர் சென்னை போந்தபோது அவ்வில்லத்தில் தங்கினார் என்றும், அங்கே தேவகாந்தாரி இராகம் ஒன்றையே பல நாள்கள் விரித்துப் பாடினார் என்றும் கூறுவர். விருந்தோம்பிய முதலியார், பின்னர்த் தம் சொந்த ஊரான கோவூருக்கும் எழுந்தருள வேண்டுமென அழைத்தார். தியாகராசர் சென்றார். ஊரார் கூடி வரவேற்றிருப்பர்; பல்லக்கும் தீவட்டியும் இருந்திருக்கும். அன்பின் மிகுதியால், தம்மேல் ஒரு கீர்த்தனை இயற்றித் தரவேண்டும் என்ற விருப்பத்தை முதலியார் வெளியிட்டார்.

இவ்விடத்தில் நின்று நோக்குக. சரபோசியின் அழைப்பை மறுப்பது ஒருவகையில் எளிது. இடையில் தூதர் நிற்பர். அரசர் நேரில் முகம் காட்டமாட்டார். திருவிதாங்கூரோ நெடுந்தொலைவு. கோவூரில் நிலைமை அதுவன்று. உண்டது அவர் வீட்டுச் சோறு. உறங்கியது அவர் வீட்டுத் திண்ணை நிழல். கேட்பவர் அதிகாரம் செலுத்தவில்லை; ஆசைப்படுகிறார். கேட்டதும் பெரும்பதவி அன்று, ஒரே ஒரு பாட்டு. தியாகராசர் புலமைக்கு அது அரை நாழிகை வேலை. 'ஆகட்டும்' என்று சொல்லியிருந்தால் உலகம் குறை கூறியிராது. முதியவர் ஒருவர் விருந்தளித்தவரை வாழ்த்தினார் என்பதோடு முடிந்திருக்கும். மறுத்தாலோ, ஊரார் முன்னிலையில் ஊர்ப் பெரியவரின் முகம் வாடும். கொள்கையைக் காப்பாற்றப் போய் ஒரு நல்ல மனிதரை நோகச் செய்தார் என்ற பழி வரும். கொள்கை உறுதிக்கு உண்மையான சோதனை அரசவையில் வருவதைக் காட்டிலும் இத்தகைய வீட்டுக் கூடத்திலேயே மிகுதியும் வருகிறது.

மனிதரைப் பாடுவதில்லை என்ற தம் நெறியைத் தியாகராசர் தெரிவித்தார். அதனோடு நிறுத்தவில்லை. அவ்வூரில் கோயில் கொண்டிருந்த இறைவன் திருப்பெயர் சுந்தரேசுவரர். அவரைப் பாடினார். ஒன்று கேட்டவருக்கு ஐந்து கிடைத்தன.

ஐந்தும் ஒப்புக்குப் பாடியவை அல்ல. சகானாவில் 'ஈ வசுத', கரகரப்பிரியாவில் 'கோரி சேவிம்ப', பந்துவராளியில் 'சம்போ மகாதேவ', கல்யாணியில் 'நம்மி வச்சின', சங்கராபரணத்தில் 'சுந்தரேசுவருனி' என்ற அவ்வைந்தும் விரிவுக்கு இடந்தரும் பெரிய இராகங்களில் அமைந்தவை. சிறு உருப்படியாகச் செய்து கடமையைக் கழித்துவிடும் எண்ணம் அவற்றில் எங்கும் இல்லை. கரகரப்பிரியா தியாகராசரின் கைவண்ணத்தால் பெருவாழ்வு பெற்ற இராகம். அதனைக் கோவூருக்கு அளித்ததே ஒரு கொடை. 'சம்போ மகாதேவ' வடமொழியில் அமைந்தது. அதில் கோவூர் 'கோபுரம்' என்று, பசுவின் ஊர் எனும் பொருளில், வடமொழி உருவம் பெற்றுள்ளது. தலபுராணத்தைக் கேட்டறிந்து அவர் செய்த மொழியாக்கமாகவே அது படுகிறது. சங்கராபரணக் கீர்த்தனையின் கருத்தோ வியப்புக்குரியது: சுந்தரேசுவரரைக் கண்ட கண்ணுக்கும் மனத்துக்கும் பிற தேவரைக் காணும் நாட்டம் எழுமோ என்று கேட்கிறது. கேட்பவர் வாழ்நாள் முழுதும் இராமனை அழைத்து உருகியவர். திருவையாற்று ஐயாறப்பரையும் அறம் வளர்த்த நாயகியையும் பாடிய வாய் அது என்பதால் சமயப் பூசலுக்கு இங்கே இடமில்லை. பாட முன்வந்த பின், பாட்டில் குறை வைக்கக் கூடாது என்ற நேர்மையே இதில் தெரிகிறது.

வரலாற்று நோக்கில் இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். முதலியார் கேட்டார், சுவாமிகள் மறுத்தார் என்பது செவிவழிச் செய்தி. தியாகராசரின் சீடர்கள் எழுதிவைத்த குறிப்புகளோடு, பின்னாளில் அரிகதைப் புலவர்கள் சுவைகூட்டிச் சொன்னவையும் கலந்து அவர் வரலாறு உருவாயிற்று. எந்தக் கீர்த்தனைக்கும் ஒரு கதை சொல்லாமல் அமைவதில்லை என்ற அளவுக்கு அந்தக் கலப்பு முற்றியது. ஆனால் கோவூர்க் கதையைத் தாங்கி நிற்கும் தூண் ஒன்று கீர்த்தனைகளுக்குள்ளேயே உள்ளது. ஊர்ப்பெயரும் இறைவன் பெயரும் பாட்டில் இடம்பெற்றுள்ளன. கோவூருக்கு அவர் வந்ததும் சுந்தரேசுவரரைப் பாடியதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. தஞ்சை அழைப்புக் கதைக்கு இந்த வலிமை இல்லை. கல்யாணிக் கீர்த்தனை மனிதத் துதியைப் பற்றிப் பேசினும், அதில் அரசர் பெயரோ அரண்மனையோ இல்லை.

பெயரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் கவனத்துக்கு வருகிறது. முதலியார்க்கு அவர் பெற்றோர் இட்டது ஊர் இறைவனின் பெயர். எனவே கீர்த்தனையில் 'சுந்தரேச' என்று ஒலிக்குந்தோறும் முதலியாரின் பெயரும் உடன் ஒலித்தது. தியாகராசரின் முத்திரையிலும் இதே இரட்டை வழக்கு உண்டு. அவருக்குத் திருவாரூர் ஈசனின் பெயரே வாய்த்தது. சிவன்மேல் பாடும்போது முத்திரை பாடியவரைக் குறிப்பதா, பாடப்பட்டவரைக் குறிப்பதா என்று பிரித்தறிய இயலாத இனிமை விளைகிறது. கேட்டவரும் பாடியவரும் ஆகிய இருவர் பெயரும் இறைவன் பெயருக்குள் அடங்கிவிட்ட பாட்டுகள் இவை. கம்பர் தம்மை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒருமுறை வைக்க விரும்பியதாகவும், அவையோர் தடுக்கவே ஆயிரத்துக்கு ஒன்றாக வைத்ததாகவும் தமிழ் மரபில் ஒரு கதை வழங்குகிறது. கம்பர் வெளிப்படையாகக் கொடுத்த இடம் அது. தியாகராசர் வெளிப்படையாக ஒன்றும் கொடுக்கவில்லை. பெயரொற்றுமை கொடுத்ததைத் தடுக்கவும் இல்லை. அதனை அவர் எண்ணியே செய்தாரா என்பது அவரவர் சுவைக்கு விடத்தக்கது.

மனிதரைப் பாடுவதா என்ற வினா தெலுங்குக்கோ வடமொழிக்கோ மட்டும் உரியதன்று. சங்கச் சான்றோர் பாடாண் திணையில் மனிதரைத் தலைநிமிர்ந்தே பாடினர். அவர்தம் மறுப்பு வேறு வகை. தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு காட்டுகிறது. அங்கே புலவர்க்கு உறுத்தியது, மனிதன் பாடப்படுவது அன்று, புலமை மதிக்கப்படாதது. பக்திக் காலத்தில் வினாவே மாறிவிட்டது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பதிகம் முழுவதையும் மானிடரைப் பாடேன் என்பதற்கே ஒதுக்கினார். சுந்தரர் திருப்புகலூர்ப் பதிகத்தில், ஈயாதவரை வள்ளல் என்று பொய்யாகப் புகழ்ந்து அலையும் புலவரைக் கடிந்து இறைவன்பால் ஆற்றுப்படுத்தினார். தெலுங்கில் பாகவதம் பாடிய போத்தனா தம் நூலை அரசனுக்கு உரிமையாக்க மறுத்து இராமனுக்கே படைத்தார் என்பர். அப்பாகவதத்தின் சுவடி தியாகராசரின் கையில் இருந்தது. அவர் பயின்ற அச்சுவடியும் மதுரைத் தொகுப்பில் உள்ளது. ஆகவே கோவூரில் அவர் சொன்ன மறுப்பு தனிமனிதப் பிடிவாதம் ஆகாது. நெடிய மரபொன்று அவர் பின்னால் நின்றது.

ஆனால் அந்த மரபை அவர் வறட்டுச் சூத்திரமாகவும் கொள்ளவில்லை. பெரியோர் அனைவரையும் வணங்கும் சீராகக் கீர்த்தனை அவருடையதே. அடியார்களை அவர் பாடினார். பாடியதற்குக் கைம்மாறு பெறும் இடத்தில்தான் பாட மறுத்தார். முத்துசுவாமி தீட்சிதர் வாழ்விலும் இதன் சாயல் உண்டு. வறுமையுற்ற நாளில் மாணவி கமலம் தன் அணிகலன்களை விற்றுத் தர முன்வந்தபோதும் அதை ஏற்காமல், திருமகளையே நாடுவேன் என்று இலலிதா இராகத்தில் பாடினார் எனக் கூறுவர். அதே தீட்சிதர் பின்னாளில் எட்டயபுரம் சென்று 1835இல் அங்கேயே மறைந்தார்.

பூவிருந்தவல்லிக்கு உரிய ஒரு மறுப்பும் இங்கே நினைக்கத்தக்கது. பதினோராம் நூற்றாண்டில் இங்கே வணிகர் குலத்தில் தோன்றிக் காஞ்சி வரதர்க்கு ஆலவட்டத் தொண்டு புரிந்தவர் திருக்கச்சி நம்பிகள். இளமையில் இராமாநுசர் அவரையே ஆசிரியராகக் கொள்ள விழைந்து வேண்டினார். குல வழக்கைக் காரணம் காட்டி நம்பிகள் பணிவோடு மறுத்தார். காரணம் நம் காலத்துக்கு உவப்பானதன்று. அதனை ஏற்க மனமில்லாது இராமாநுசரே வருந்தினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஆயினும் நம்பிகள் வெறுங்கையோடு அவரை அனுப்பவில்லை. இராமாநுசர் மனத்திலிருந்த ஐயங்களை வரதர்முன் வைத்து, 'ஆறு வார்த்தை' எனப்படும் விடைகளைப் பெற்றுத் தந்தார். அவற்றுள் ஒன்று, ஆசிரியராகக் கொள்ளத்தக்கவர் பெரிய நம்பி என்று சுட்டியது. கேட்ட பதவியை ஏற்கவில்லை. கேட்டவரின் தேவையை நிறைவேற்றினார். கோவூரும் பூவிருந்தவல்லியும் பக்கத்து ஊர்கள் என்பதற்கு மேல் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை.

மறுப்பில் இன்னொரு வகை உண்டு. வாயால் மறுக்காமல் நாளைக் கடத்துவது. தமிழ்ப் புலவர் உலகம் நன்கறிந்த வகை இது. அணிந்துரை கேட்டு அலைந்த கவிஞர்க்கும், அணிந்துரை கேட்கப்பட்டு ஒளிந்த கவிஞர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. கோபாலகிருட்டிண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்தார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையும், சேக்கிழார் காட்டாத நிகழ்ச்சிகள் புகுந்தமையும் பிள்ளையவர்களுக்கு உடன்பாடில்லை. தர இயலாது என்று சொல்லிப் பாரதியாரைப் புண்படுத்தவும் மனமில்லை. இன்று நாளை என்று காலம் நீண்டது. ஒருநாள் உண்டபின் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக் கொண்டிருக்க, திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தாமே மெல்லப் பாடிக்கொண்டார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகி எழுந்து வந்து பாயிரம் அளித்தார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்த இந்நிகழ்ச்சியில் மறுப்பு பாட்டினால் கரைந்தது. மறுத்தவர் பெருமையும் கரைந்தவர் பெருமையும் ஒருவரிடமே சேர்ந்தன. எனினும் காத்திருந்த நாள்களில் பாரதியார் பட்ட துன்பம் பட்டதுதான். கோவூரில் முதலியாரை அவ்வாறு ஒரு நாளும் காக்க வைக்கவில்லை. இல்லை என்பதையும் அதற்கு மாற்றையும் தியாகராசர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இனி முதலியாரைப் பற்றிச் சிறிது. இத்தகைய கதைகளில் மறுக்கப்பட்டவரை மறந்துவிடுவது வழக்கம்; சிற்சில வேளைகளில் அவரைச் செல்வச் செருக்கராகவே தீட்டிவிடுவதும் உண்டு. சுந்தரேச முதலியார் அவ்வாறு தீட்டத்தக்கவர் அல்லர். தம்மைப் பாடமாட்டேன் என்று விருந்தாளி சொன்ன பின்னும் அவர் உபசரிப்பில் குறை நேர்ந்ததாக ஒரு கதையும் இல்லை. அதற்கு மாறாகவே கதை உண்டு.

தியாகராசர் கோவூரிலிருந்து திருப்பதி நோக்கிப் புறப்பட்டபோது, நேரே கொடுத்தால் ஏற்கமாட்டார் என்று அறிந்த முதலியார், அவருக்குத் தெரியாமல் ஆயிரம் பொன்னைப் பல்லக்கினுள் வைத்துவிட்டார். திருவையாற்றில் நிகழும் இராமநவமி விழாவுக்கு அது பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். சீடர்களிடம் மட்டும் சொல்லிவைத்தார். தன்னைப் பாட மறுத்தவருக்குத் தன் பெயர் தெரியாமலே கொடுத்துவிட நினைத்த அந்த மனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுப்பின் நாகரிகத்தை முதலியார் அன்றே கற்றுக்கொண்டார் போலும்.

நாகலாபுரத்தை அடுத்த காட்டுவழியில் கள்வர் பின்தொடர்ந்து கல்லெறியத் தொடங்கினர் என்று கதை தொடர்கிறது. அஞ்சிய சீடர்கள் பல்லக்கில் பொன் இருப்பதைத் தெரிவித்தனர். அப்படியாயின் அதனைக் கள்வரிடமே கொடுத்துவிடலாமே என்றார் தியாகராசர். விழாவுக்கென்று முதலியார் தந்தது அது என்று சீடர்கள் கூறினர். விழாவுக்குரியதாயின் விழாவுக்கு உரியவனே காத்துக்கொள்வான் என்று சொல்லி, முன்னும் பின்னும் இருபுறமும் துணைவருமாறு இராமனை வேண்டித் தர்பார் இராகத்தில் 'முந்து வெனுக' என்னும் கீர்த்தனையைப் பாடினார். வில்லேந்திய இளைஞர் இருவர் தோன்றிக் கள்வரை விரட்டினர் என்பதோடு அரிகதை நிறையும். பொன் திருவையாறு சேர்ந்து விழாவுக்குச் செலவாயிற்று. முதலியார் தந்த பொன்னைக் காக்கப் பாடிய அந்தப் பாட்டிலும் அவர் பெயர் இல்லை.